வயிற்றைக் கேட்டு வாங்கிய கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் பாகங்கள் வாங்க வருகிறவர்களில் இரண்டு வகையினரைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். கைப்பேசியில் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு, "இது இல்லியா? அது இல்லியா?" என்று எனக்கே பரீட்சை வைக்கிறவர்கள் முதல் வகை. "நீங்களே பாத்து நல்லதா குடுங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரமே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து நிற்கிறவர்கள் இரண்டாவது வகை. செல்லி அக்கா இந்த இரண்டிலும் சேரவில்லை. அவர் கையில் ஓர் எலுமிச்சம்பழத்தோடு வந்தார்.

என் பெயர் சைமா. வாணியம்பாடி பஜாரில் பதினோரு வருடமாகக் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். விளையாட்டுக்கான கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாகப் பொறுக்கிச் சேர்த்துக் கட்டிக் கொடுப்பதில் இந்தப் பக்கத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை. கடைக்கு வருகிறவர்கள் அதைச் சொல்வார்கள். சொல்லாவிட்டால் நானே சொல்லிவிடுவேன்.

அக்கா உள்ளே வந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணை மூடி, பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டார். வயது நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும். மெலிந்த தேகம், காய்ப்பு ஏறிய உள்ளங்கை.

"கொஞ்சம் தண்ணி குடு மா. பஸ்ஸுல வந்தேன், அதான்."

குடித்து முடித்ததும் வந்த காரியத்தைச் சொன்னார். கேம் ஆடுகிற பெட்டி வேண்டுமாம். நான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"பையன் எந்த காலேஜ் க்கா?"

"பையன் ஏது? ஒரே பொண்ணு, கட்டிக் குடுத்தாச்சு. பொட்டி எனக்குத்தான். நான் லாரி ஓட்டணும்."

நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. அப்புறம் அவர் சொன்னதைக் கேட்டு எனக்கே வெட்கமாகப் போயிற்று.

அவர் ஊர் ஜவ்வாது மலையில் நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு சின்னக் குக்கிராமம். சாமை விதைப்பார், புளி உலுக்குவார், கடுக்காய் பொறுக்குவார். எவ்வளவு உயரமான மரமானாலும் ஏறுவார், எத்தனை மைலானாலும் நடப்பார். வண்டியில் ஏறினால் மட்டும் வாந்தி. புருஷன் கோவிந்தன் அண்ணன் ஷேர் ஜீப் ஓட்டுகிறவர் என்பதுதான் இதில் வேடிக்கை. கல்யாணத்தன்று மாப்பிள்ளையே ஜீப்பை ஓட்டிக்கொண்டு பெண்ணை அழைத்துப்போக, மூன்றாவது வளைவிலேயே பட்டு வேட்டி பாழாகிவிட்டது. அன்றைக்கு வைத்த பெயர் 'வாந்தி செல்லி'. இருபத்தாறு வருடமாகியும் அந்தப் பெயர் போகவில்லை. ஜீப்பில் அவருக்கென்று ஓர் இடம், கடைசிக் கம்பியோரம். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. வளைவு வரும்போதெல்லாம் கோவிந்தன் அண்ணன் கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பார், வண்டியே சிரிக்கும்.

"எம் பொண்ணு திருப்பத்தூர்ல பிரசவத்துக்குப் படுத்திருந்தா. சேதி வந்ததும் அல்லாரும் ஜீப்ல ஏறிப் போய்ட்டாங்க. நான் குறுக்கு வழியில நடந்தே எறங்கினேன். போய்ச் சேர்றதுக்குள்ள கொயந்த பொறந்து, தூங்கவும் ஆரம்பிச்சிடுச்சு."

இதை அவர் அழாமல்தான் சொன்னார்.

போன பொங்கலுக்கு அவர் தங்கை வீட்டில் தங்கினார். தங்கை மகன் பிரகாஷ் கம்ப்யூட்டரில் லாரி ஓட்டும் கேம் ஆடிக்கொண்டிருக்க, பின்னால் நின்று பார்த்த அக்காவுக்குக் குமட்டியது. "அப்ப நீயே ஓட்டு பெரிம்மா" என்று அவன் விளையாட்டாக ஸ்டியரிங்கைக் கொடுத்தான். பத்து நிமிடம் மலைப்பாதையில் ஓட்டினார். ஒன்றும் ஆகவில்லை. வண்டி எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்பது தன் கைக்கு முன்பே தெரிந்திருந்தால் வயிறு சும்மா இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் கண்டுபிடித்தார். பிறகு பெட்டி சூடாகி, படம் விட்டு விட்டு வர, மறுபடியும் குமட்டல். "பொட்டி பழசு பெரிம்மா" என்றான் பிரகாஷ்.

ஊருக்குத் திரும்பி இதைச் சொன்னதும் கோவிந்தன் அண்ணன் இரண்டு நாள் சிரித்தாராம். மூன்றாம் நாள் அக்கா குழாயடியில் எல்லார் காதிலும் விழும்படி சபதம் போட்டுவிட்டார்.

"நானே பொட்டி வாங்கி, ஒரு மலைய எறங்கி மறு மலை ஏறுற வரைக்கும் உங்க முன்னாடி ஓட்டிக் காட்டுறேன். ஒரு தடவ ஓங்கரிச்சாலும் பொட்டிய வித்துட்டு, சாவுற வரைக்கும் வண்டிப் பேச்சே எடுக்க மாட்டேன்னு சொல்லிட்டேன் மா. தோத்துட்டா அந்தப் பேரு சாவுக்கு அப்புறமும் போவாது."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கடையிலேயே பகட்டானதை எல்லாம் எடுத்து மேசைமேல் பரப்பினேன். பக்கமெல்லாம் கண்ணாடி போட்ட கேபினட், ஏழு வண்ணத்தில் சுழலும் ஃபேன்கள், வில்லாக வளைந்த பெரிய மானிட்டர். ஸ்விட்சைப் போட்டேன்.

"இன்னா மா இது, தேர் கெளம்புற மாதிரி? பாத்தாவே தல சுத்துது. மூடு."

அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பித்தது. மேசையில் மதர்போர்டைத் திறந்தபடி வைத்து, லாரி கேமை ஏற்றி, ஸ்டியரிங்கையும் பெடலையும் மாட்டினேன். ஒவ்வொரு கிராபிக்ஸ் கார்டாகச் செருகி அக்காவை ஓட்டச் சொன்னேன். அந்தக் கார்டுதான் திரைக்குப் படத்தை வரைந்து அனுப்புகிறது. நொடிக்கு அறுபது படம் சீராக வந்தால் ரோடு எண்ணெயாக வழுக்கிக்கொண்டு வரும். எண்ணிக்கை விழுந்து எழுந்தால் ரோடு இடறும். இதையெல்லாம் நான் அக்காவுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் பழத்தை மோந்துகொண்டே ஓட்டினார்.

விலை குறைந்த கார்டு. ஆறாவது நிமிடம் கையைத் தூக்கினார்.

"வருது."

நான் வாளியைத் தேடி ஓடினேன். தெருவில் போன இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

அரை மணி ஓய்வு கொடுத்து, கடையிலேயே விலை உயர்ந்த கார்டைச் செருகினேன். அது என் செல்லப் பிள்ளை. மழை, மூடுபனி, இலைக்கு இலை நிழல் என்று அது காட்டக்கூடிய எல்லா அலங்காரத்தையும் உச்சத்தில் வைத்தேன். வண்டி குலுங்கினால் காட்சியும் குலுங்கும், வேகம் எடுத்தால் ஓரம் கலங்கித் தெரியும். இதற்கு மேல் யாரால் கொடுக்க முடியும்?

"வருது."

"இதுக்கா? அக்கா, ஊர்ல யார்கிட்டயும் இல்லாத கார்டு இது!"

"அதுக்கு நான் இன்னா பண்றது? வவுத்துகிட்ட நீயே வந்து சொல்லு."

கோபத்தை அடக்கிக்கொண்டு எண்ணிக்கையைப் பார்த்தேன். அலங்காரத்தின் பாரம் தாங்காமல் வளைவுக்கு வளைவு படம் தொண்ணூறிலிருந்து நாற்பதுக்கு விழுந்துகொண்டிருந்தது. நான் ஒரு தடவைகூடக் கவனித்ததில்லை. அவர் வயிறு கவனித்துவிட்டது.

"மரத்துல எல எண்ணவா நான் போறேன்? ரோடு நிக்காம வந்தாப் போதும் மா."

அடுத்த வாரமும் வந்தார், அதற்கடுத்த வாரமும் வந்தார். நடுத்தரக் கார்டு ஒன்றைப் போட்டு, குலுக்கலையும் கலங்கலையும் நிறுத்தி, மரங்களை மொட்டையாக்கினேன். வளைந்த மானிட்டரை எடுத்துவிட்டு, அளவில் சின்னதாக, படத்தைச் சட்டென்று மாற்றும் தட்டை மானிட்டரை வைத்தேன். அன்றைக்கு அக்கா நாற்பது நிமிடம் ஓட்டினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"வரல" என்றார். பழத்தை மேசைமேல் வைத்துவிட்டு, "சைமா, வரல!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வாசலில் காத்திருந்த ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்து, "அக்காவுக்கு எது வரலையோ, எனக்கும் அதையே போட்ருங்க" என்றார். அன்றிலிருந்து என் கடையில் எண்களை மட்டும் பார்த்து யாருக்கும் கார்டு கொடுப்பதில்லை.

மலையில் கிணற்று மோட்டாரைப் போட்டால் பல்பு மங்கிவிடும் என்று அக்கா எச்சரித்திருந்ததால், பவர் சப்ளையில் நான் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. கூடவே யு.பி.எஸ்.ஸும் ஸ்டெபிலைசரும் கொடுத்தேன். பெட்டியை எடுத்துப்போகக் கோவிந்தன் அண்ணன் வந்தார். வாட்டசாட்டமான ஆள், மீசை முழுக்கக் கேலி.

"உள்ள கார்டு கனமா தொங்குது ணா. ஜீப் குலுங்குறதுல ஆடக் கூடாது. மெத்துன்னு ஏதாவது அண்டக் குடுத்துக்குங்க" என்றேன். நானே பஞ்சு வைத்துக் கொடுத்திருக்க வேண்டும். கடையில் கூட்டம், சொன்னதோடு விட்டுவிட்டேன்.

அக்கா ஓட்டிக் காட்டுவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே மலைக்குப் போனேன். பெட்டியை ஓடவைப்பது என் பொறுப்பு. அக்கா ஜெயிப்பதைப் பார்ப்பது என் ஆசை. திருப்பத்தூரிலிருந்து கோவிந்தன் அண்ணன் ஜீப். முன்சீட்டில் இடமில்லை. ஐந்தாவது வளைவில் என் காலைச் சாப்பாடு வெளியே வந்தது.

"மலைக்கு இன்னொரு செல்லியா? தாங்காது சாமி!" என்று அவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். ஜீப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பு எப்படிச் சுடும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வாயைத் திறந்து திட்டவும் முடியவில்லை.

அக்கா சொம்புத் தண்ணீரோடு வழியில் நின்றிருந்தார். என் முகத்தைக் கழுவிவிட்டார்.

வீட்டுக்குள் போய்க் கேபினட்டின் பக்கக் கதவைத் திறந்தேன். உள்ளே கார்டு தெரியவில்லை, போர்டு தெரியவில்லை. சாமை வைக்கோல். இண்டு இடுக்கு விடாமல், பெட்டி முழுக்க.

"யாரு இந்த வேலையப் பண்ணது?" என்று கத்தினேன்.

"நான்தாங்க" என்றார் கோவிந்தன் அண்ணன் பெருமையோடு. "தேன் பாட்டில அப்டித்தான் கீழ எறக்குவோம். இது வரைக்கும் ஒன்னு ஒடஞ்சதில்ல. நீங்கதான மெத்துன்னு வைக்கச் சொன்னீங்க?"

அக்காவும் நானும் தரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வைக்கோல் பொறுக்கினோம். பெயின்ட் பிரஷ்ஷால் தட்டினேன், வாயால் ஊதினேன், திட்டிக்கொண்டே இருந்தேன். ஒரு விஷயம் மட்டும் சொல்ல வேண்டும். அந்தப் பாதையில் வந்தும் கார்டு மயிரிழைகூட அசைந்திருக்கவில்லை. ஸ்விட்சைப் போட்டதும் ஏதோ ஒரு ஃபேன் 'சரசர' என்றது. அணைத்துவிட்டுக் கடைசித் துரும்பை உருவினேன். மறுபடி போட்டேன். சத்தமில்லாமல் ஓடியது.

அதற்குள் வீடு நிறைந்துவிட்டது. முனியம்மா, அம்சவல்லி என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் அக்காவுக்குப் பின்னால் ஜீப்பில் குந்துவது போலவே இரண்டு வரிசையாகத் தரையில் குந்தினார்கள். கோவிந்தன் அண்ணன் கயிற்றுக் கட்டிலை இழுத்து நேர் பின்னால் போட்டுக்கொண்டார். இருக்கிறதிலேயே கடினமான மலைப்பாதையை அவரே தேர்ந்தெடுத்தார்.

"ரைட்டு, போலாம்!" என்று முனியம்மா குரல் கொடுக்க, அக்கா கிளம்பினார்.

இறக்கம். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். நான் ரோட்டைப் பார்க்கவில்லை, அக்கா முகத்தைத்தான் பார்த்தேன். முதல் வளைவு, இரண்டாவது, ஐந்தாவது. அந்த நேரம் பார்த்து யாரோ மோட்டார் போட, பல்பு மங்கியது, யு.பி.எஸ். கீச்சிட்டது. திரை அசையவில்லை. எனக்குள் ஒரு சந்தோஷம் பொங்கியது, அதை யாரிடம் சொல்ல?

மலை இறங்கி முடிந்தது. ஏற்றம் ஆரம்பித்தது. எட்டாவது வளைவில் அக்காவின் தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியது. வீடே மூச்சை நிறுத்தியது.

"இன்னா பாக்குறீங்க? எச்சி முழுங்கக் கூடாதா?" என்றார் அக்கா, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பெண்கள் கைதட்டினார்கள். பத்தாவது வளைவு. பதினொன்று. இன்னும் நாலே வளைவுதான் மிச்சம். அப்போது பின்னாலிருந்து, அடிவயிற்றிலிருந்து கிளம்பிய ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். கோவிந்தன் அண்ணன் கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். முகம் வெளிறி, நெற்றியெல்லாம் வியர்வை.

"செல்லி, நிறுத்து."

"இன்னாங்க?"

"எனக்கு வருது."

சொல்லி முடிப்பதற்குள் எழுந்து வீட்டுக்குப் பின்னால் ஓடினார். அப்புறம் அந்த வீட்டில் எழுந்த சிரிப்பைச் சொல்லி மாளாது. அம்சவல்லி தரையில் புரண்டு சிரித்தார். நான் கண்ணீர் வரச் சிரித்தேன். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஸ்டியரிங் பிடித்தவர், வாழ்க்கையில் முதல் தடவையாக அடுத்தவர் ஓட்டும் வண்டியில் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்!

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. லாரியை ஓரமாக நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

கோவிந்தன் அண்ணன் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். மீசையில் தண்ணீர் சொட்டியது. எல்லாரும் மறுபடியும் சிரிக்கத் தயாராக இருந்தார்கள். அவர் யாரையும் பார்க்காமல் அக்காவை மட்டும் பார்த்தார்.

"இருவத்தாறு வருஷமும் இப்டித்தான் இருந்துச்சா உனுக்கு?"

சிரிப்பு நின்றுவிட்டது.

"இதவிட மோசங்க" என்றார் அக்கா. பிறகு பக்கத்திலிருந்த ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டார். "பின்னால வாணாம். முன்னாடி வந்து எம் பக்கத்துல குந்துங்க. தூரமா ரோட்டப் பாருங்க. நான் மெதுவா வளைக்கிறேன்."

கோவிந்தன் அண்ணன் போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். மிச்சமிருந்த நாலு வளைவையும் அக்கா அவருக்காக மெதுவாகவே ஏற்றினார்.