வீட்டில் இங்கிலீஷ் மட்டும்

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் குடியிருந்த அந்தக் குளிர்காலத்தில், பக்கத்து ஊர்ப் பள்ளி நிர்வாகத்தின் சிறப்புக் கல்விப் பிரிவில் எனக்கு இன்டெர்ன் வேலை. சம்பளம் கிடையாது. கூட்டங்களுக்கு நாற்காலி போடுவேன், ஜெராக்ஸ் எடுப்பேன், ஓரமாக உட்கார்ந்து கவனிப்பேன். மதியம் ரசம் சாதத்தைக் காரில் வைத்துத்தான் சாப்பிடுவேன். வாசனைக்கு யாராவது முகம் சுளித்தால் எனக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிடும். கணவருக்கு வாரம் முழுக்க வெளியூரில் வேலை. வெள்ளிக்கிழமை வரை என்னோடு தமிழில் பேச ஓர் ஆள் இல்லை.

ஒருநாள் ஒரு தமிழ் அம்மா ஐந்து வயது மகளோடு கூட்டத்துக்கு வந்தார். வகுப்பில் குழந்தை வாயே திறப்பதில்லை. இப்படியே போனால் அவளைத் தனி வேனில் சிறப்புப் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். அதை முடிவு செய்யத்தான் கூட்டம். என் மேலதிகாரி அம்மையார் கேட்டதற்கெல்லாம் அந்த அம்மா, "யெஸ், யெஸ்" என்று தலையாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நடுவில் காபிக்கு எழுந்தபோது அவரிடம் போய், "வீட்ல பேசுவாளா?" என்றேன்.

"நீங்க தமிழா?" என்றவருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஸ்கூல்ல சேர்த்தப்ப, வீட்ல இங்கிலீஷ் மட்டும் பேசுங்க, இல்லன்னா குழந்தை கன்ஃப்யூஸ் ஆயிடும்னு டீச்சர் சொன்னாங்க. எனக்கு இங்கிலீஷ் எங்க வருது? தப்பா பேசிக் கெடுத்துடக் கூடாதேன்னு பேசறதையே விட்டுட்டேன். அவளும் விட்டுட்டா."

"அதுக்கு முன்னாடி?"

"வாய் ஓயாதுங்க."

டீச்சர் சொல்லிவிட்டால் நம்மவர்களுக்கு அது வேதவாக்கு. நேராக மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன். கூட்டத்தில் இன்டெர்ன் பேசும் வழக்கமில்லை. அவர் திகைத்துப்போனார். பேசவே கூடாது என்று யாரும் சொல்லவில்லையே என்றார். வீட்டில் தாராளமாகத் தமிழ் பேசட்டும், முடிவைப் பிறகு பார்க்கலாம் என்று கூட்டத்தைத் தள்ளிவைத்தார்.

அந்த அம்மா அதை முழுதாக நம்பவில்லை. வாசலில் மகளுக்குக் கோட்டு மாட்டும்போது, அனுமதி கேட்பதுபோல் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு மெதுவாக, "கைய உள்ள விடுடி கண்ணு," என்றார்.

குழந்தை நிமிர்ந்து அம்மாவையே பார்த்தாள். "டூ டைட், அம்மா."

அந்த அம்மா அங்கேயே முட்டி போட்டு உட்கார்ந்து அழுதார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

அவர்கள் போனபின் என் காரில் உட்கார்ந்து சாப்பாட்டைத் திறந்தேன். ரசம் சாதம் ஆறி உறைந்திருந்தது. குளிர் தாங்காமல் பின் சீட்டில் கிடந்த கோட்டை எடுத்தேன்.

"கைய உள்ள விடுடி," என்று எனக்கு நானே சத்தமாகச் சொல்லிக்கொண்டேன்.