கேப்டன் கொடுத்த வாக்கு

எங்கள் குடும்பம் யாரிடமும் எதையும் கேட்டுப் பெற்றதில்லை. காக்ஸ் டவுனில் நாங்கள் குடியிருந்தது ஒரு பங்களாவின் பின்புறத்து அவுட்ஹவுஸ் என்பதை நான் மறைப்பதில்லை. ஆனால் அதன் வாசற்படி ஒரு நாளும் அழுக்காக இருந்ததில்லை என்பதையும் சேர்த்தே சொல்வேன். அப்பா அந்தப் பங்களாவின் பட்லர். பங்களாவின் சொந்தக்காரரான துரை இறந்த பிறகு அங்கே அவர் மனைவி மிஸ்ஸியம்மா ஒருவரே எஞ்சியிருந்தார்.

ஆஸ்திரேலியாவில் குடியேறிய அவருடைய மகன் ஒரு பெட்டி நிறைய ஆங்கில நாவல்களை விட்டுச் சென்றிருந்தான். அவற்றை மிஸ்ஸியம்மா எனக்குத் தந்திருந்தார். வெளிநாட்டுத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றை ஒட்டி எழுதப்பட்டவை. தொடரை நாங்கள் பார்த்ததே இல்லை. அட்டையிலிருந்த நடிகரின் முகம் போதுமானதாக இருந்தது. விண்கலத்தின் கேப்டன் அவர். இடுப்பில் நீண்ட வாள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும், அச்சகத்தில் வேலை பார்த்த என் தாய்மாமன் அவற்றைத் தமிழில் சொல்லிக்கொண்டே படிப்பார்.

"ராக்கெட்டுல போறவனுக்குக் கத்தி எதுக்குடா? வெங்காயம் நறுக்கவா?"

எனக்குக் கோபம் வரும். கேப்டன் இறங்கும் கிரகத்தில் பச்சைநிற மனிதர்கள் அவருடைய மூட்டைகளைச் சுமப்பார்கள். அவர் வாள் சுழற்றி அவர்களுடைய பகைவனை வெல்வார். கடைசிப் பக்கத்தில் தம் பதக்கத்தைக் கழற்றி அவர்கள் தலைவனின் கழுத்தில் மாட்டி, இந்த மண் என்றும் உங்களுடையது என்று வாக்களிப்பார். கலம் மேலெழும்பும்.

"அப்புறம் மாமா?"

"அப்புறம் என்ன, அடுத்த புக்ல வேற கிரகம்."

விளையாட்டில் நான் எப்போதும் கேப்டன்தான். நான் பச்சை மனிதனாகவும் இருக்கக்கூடும் என்று தோன்றியதே இல்லை.

மிஸ்ஸியம்மாவும் பங்களாவை விற்றுவிட்டு மகனிடம் புறப்பட்டார். போகும் நாளில் துரையின் கறுப்புக் கோட்டை அப்பாவின் தோளில் போர்த்தி, உயிருள்ளவரை நீ குடியிருக்கும் இந்த வீடு உனக்குத்தான் என்றார். அப்பா கண்கலங்கி நின்றார். மாமாவுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை.

"எழுதி வாங்கிக்கோங்க அத்தான். வாய்ச்சொல்லு அவங்களோடவே ஆஸ்திரேலியா போயிடும்."

"துரை வீட்டு வார்த்தைடா அது. எழுதிக் கேட்டா மிஸ்ஸி மனசு நோகும்."

அந்த மழைக்காலம் முடியுமுன்பே பங்களாவை வாங்கியவரின் மேஸ்திரி ஆட்களோடு வந்தார். அப்பா உள்ளே போய்த் துரையின் கோட்டை அணிந்து, பொத்தான்களை எல்லாம் மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். மிஸ்ஸி கொடுத்த வாக்கை நிதானமாகச் சொன்னார்.

"மிஸ்ஸி கிஸ்ஸி எல்லாம் நமக்குக் கொத்தில்ல, தெரியாது பெரியவரே. காலி ஜாகா, யாரும் இல்லாத எடம்னு சொல்லித்தான் எங்க ஓனருக்கு வித்தாங்க."

"காலியா? அப்ப நாங்க யாருப்பா?" என்றார் அம்மா.

மேஸ்திரி அம்மாவைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துக் கைகாட்டினார். ஆட்கள் ஏறி ஓடுகளைப் பிரிக்கத் தொடங்கினார்கள். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அதில் ஓட்டுத்தூள் விழுந்தது. அம்மா மூடியைத் தேடினார், அந்த நேரத்தில் அதுதான் முக்கியம் என்பதுபோல.

மாலைக்குள் ஆஸ்டின் டவுனில் மாமாவின் ஒற்றை அறைக்கு வந்துவிட்டோம். அப்பா கோட்டைக் கழற்றாமல் சுவரோரம் அமர்ந்திருந்தார். மாமா படிக்கும்போது காதில் விழுந்ததோடு சரி, ஒருநாளும் என் புத்தகங்களைத் தொட்டறியாதவர், அன்று நான் மடியில் வைத்திருந்த புத்தகத்தின் அட்டையை வெகுநேரம் பார்த்தார்.

"அந்தக் கேப்டன் வாக்குக் குடுத்துட்டுப் போனாரே, அப்புறம் திரும்பி வந்தாரா?"

அப்பா என்னிடம் கதை கேட்கிறார்! எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"இல்லப்பா. அடுத்த புக்ல அவருக்கு வேற கிரகம்!"

மாமா சட்டென்று எழுந்து வெளியே போனார். அப்பா தலையசைத்துவிட்டுக் கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். இவ்வளவு நல்ல கதையைக் கேட்டும் அவர் முகத்தில் ஒரு சிரிப்புக்கூட வரவில்லையே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.