முடியாது என்று சொன்ன லோமர் துரை

போன சனிக்கிழமை காலை நான் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு வெந்நீருக்காகக் காத்திருந்தேன். மேக்கப் ராஜப்பா சைக்கிளில் வந்தார். வழக்கமாகக் காப்பி வாசனை பிடித்துக்கொண்டு நேரே கூடத்துக்கு வந்துவிடுகிறவர், அன்று வாசலிலேயே நின்றுவிட்டார். "சாமி, நம்ம லோமர் தொரை போயிட்டாரு. வெடிகாலையில, ஆஸ்பத்திரியில, தூக்கத்துலயே. நர்ஸம்மா ஆள் அனுப்பிச் சொன்னாங்க" என்றார். எண்ணெய் வழியும் தலையோடு நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்று மாலையே கிறிஸ்தவக் கல்லறையில் அடக்கம் நடந்தது. சொந்தம் என்று சொல்ல ஒருவரும் இல்லை. பெட்டியைத் தூக்கியவர்கள் ஸ்டுடியோ தச்சர்களும் லைட் தொழிலாளர்களும். மறுநாள் பத்திரிகையில் மூன்று வரி வந்தது: ஆங்கிலேய வில்லன் நடிகர் காலமானார் என்று. அதைப் படித்து வந்த கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அவர் ஆங்கிலேயர் இல்லை, ஜெர்மானியர். ஆங்கிலேயர்கள் அவரை யுத்தம் முடியும்வரை முள்வேலிக்குள் அடைத்து வைத்திருந்தார்கள். வில்லனா இல்லையா என்பதை நம் ஸ்டுடியோவில் அவரோடு ஒரே ஒரு நாள் வேலை செய்தவரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எர்வின் லோமர் பெர்லினில் சினிமா நடிகர். பேசாத படங்களில் தொடங்கி, பேசும் படம் வந்தபோது நன்றாகவே பேசி, காதலனாகவும் கோமாளித் தபால்காரனாகவும் நடித்துப் பேர் வாங்கியவர். ஹிட்லர் காலத்தில் ஊரைவிட்டுக் கிளம்பி, ஒரு கேமராக்கார நண்பரைப் பிடித்துக்கொண்டு பம்பாய்க்கு வந்தார். யுத்தம் வந்தது. ஹிட்லருக்குப் பிடிக்காதவர் என்பதெல்லாம் இங்கே யாருக்கும் பொருட்டில்லை. ஜெர்மன் பாஸ்போர்ட் இருந்தது, முகாமுக்குப் போனார். வெளியே வந்ததும் அதே நண்பர் மைசூர் ஸ்டுடியோவுக்கு அழைத்து வந்தார். அடுத்த வருஷம் சுதந்திரம் வந்தது. உடனே எல்லாப் படத்துக்கும் ஒரு கொடுமைக்கார வெள்ளைக் கலெக்டர் தேவைப்பட்டார். எங்களிடம் இருந்த ஒரே வெள்ளைத் தோல் லோமர் துரையுடையதுதான். வெள்ளைக்காரர்கள் போன பிறகு அவர்களுடைய பாவத்தையெல்லாம் அவர்களிடம் அடைபட்டுக் கிடந்த இந்த மனிதர் சுமந்தார். முணுமுணுக்காமல் சுமந்தார்.

ஸ்டுடியோவில் நான் வசன உதவியாளன். நடிகர்களுக்கு வசனம் படித்துக் காட்டுவது என் வேலை. லோமர் துரைக்குத் தமிழ் வந்தது என் வசனத் தாள்களிலிருந்துதான். அதனால் அவர் பேசியதெல்லாம் ஏட்டுத் தமிழ். ஸ்டுடியோ கேன்டீனில் போய், "ஐயா, எனக்குச் சூடான காப்பி வேண்டும். தாமதம் செய்யாதீர்கள்" என்பார். கேன்டீன்காரர் பயபக்தியோடு எழுந்து நிற்பார். என் வீட்டுக்கு வந்தாலும் அப்படித்தான். "அம்மையே, சாத்துமது இன்னும் சிறிது கிடைக்குமா?" என்று ரசத்தை மூன்று முறை கேட்டு வாங்கிக் குடிப்பார். என் மனைவி உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்து ஊற்றுவாள்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. படத்தில் யாரை அடிக்க வேண்டுமோ, யாரைத் தள்ள வேண்டுமோ, அவரிடம் முதலில் போய்ப் பெயர் கேட்பார். கூட்டத்தில் நிற்கிற துணை நடிகராக இருந்தாலும் சரி. பெயரைச் சொல்லிக் கும்பிட்டுவிட்டு வந்துதான் பிரம்பை எடுப்பார். ஏன் என்று கேட்டதற்கு, "பெயர் தெரியாத மனிதனை அடிப்பது எளிது. அது நடிப்பு அல்ல" என்றார்.

அடித்தால் தியேட்டரே கொதித்துப் போகும். ஒரு படத்தில் அவர் கர்ப்பிணிப் பெண்ணைத் தள்ளிவிடுவதாகக் காட்சி. படம் வந்த வாரம் நானும் அவரும் மார்க்கெட்டுக்குப் போனோம். கத்திரிக்காய் விற்கும் அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீதானே அந்தப் புள்ளத்தாச்சிய கீழ தள்ளுனவன்? உனக்குக் கத்திரிக்காய் கெடையாது, போ" என்று கூடையை இழுத்துத் தன் பின்னால் வைத்துக்கொண்டாள். எனக்குச் சங்கடமாகிவிட்டது. அவரோ வீடு திரும்பும்வரை பூரித்துப் போயிருந்தார். அந்த அம்மாளைப் போல ஒரு ரசிகை பெர்லினில்கூடத் தமக்குக் கிடைத்ததில்லை என்றார்.

இனி கௌதள்ளிக்கு வருகிறேன். அங்கே இருந்தவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். நான் அன்று மறைக்கப் பார்த்த ஒன்றையும் இதில் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹனூருக்கு அப்பால் கௌதள்ளியில் வெளிப்புறப் படப்பிடிப்பு. இன்று அது மைசூர் ராஜ்யம். அன்று கோயமுத்தூர் ஜில்லா. அந்தப் படத்துக்கு முன்பெல்லாம் லோமர் துரை வாயை அசைப்பார், குரல் வேறொருவருடையதாக இருக்கும். இந்தப் படத்தில்தான் முதல் முறையாகச் சொந்தக் குரலில் தமிழ் பேச அனுமதி கிடைத்திருந்தது. ஆறு மாதம் என்னிடம் பாடம் கேட்டார். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. வெளிநாட்டுக்காரர் என்பதால் வருஷா வருஷம் அவர் போலீஸ் ஆபீஸில் பதிவு செய்துகொள்ள வேண்டும். இவர் எங்களிடம் வேலை பார்க்கிறார் என்று ஸ்டுடியோ ஒரு கடிதம் கொடுத்தால்தான் பதிவு நடக்கும். கடிதம் இல்லையென்றால் மைசூரை விட்டுப் போக வேண்டியதுதான். எங்கே போவார்? அவருடைய வீடு இருந்த தெருவே குண்டு விழுந்து தரைமட்டமாகியிருந்தது. அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறவர் ஸ்டுடியோ பங்குதாரரான எங்கள் டைரக்டர். அந்த வருஷத்துக் கடிதம் இன்னும் கைக்கு வரவில்லை.

காட்சி இதுதான். ஊர்ப் பெண்கள் மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கிறார்கள். கலெக்டர் பூட்ஸ் காலோடு மேடையில் ஏறிப் பானையை உதைத்து, அம்மன் சிலையைப் பிரம்பால் தட்டுகிறார். ஊர்க் கோயிலில் எடுக்க முடியாது என்பதால், ஸ்டுடியோவில் பிளாஸ்டரில் ஒரு அம்மனைச் செய்து லாரியில் கொண்டுபோனோம். முதல் நாள் மாலை ஊருக்கு வெளியே வேப்பமரத்தடியில் மேடை கட்டிச் சிலையை நிறுத்திவிட்டு ஹனூரில் போய்த் தங்கினோம். காலையில் வந்து பார்த்தால் அம்மனுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வேப்பிலை மாலை போட்டிருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. செட்டிங்ஸ்காரர், "நமக்கு வேலை மிச்சம்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். மண்டையம் ஐயங்கார் வீட்டில் பிறந்து, பெருமாளுக்குப் படைத்துக் கண்டருளப் பண்ணாமல் ஒரு வாய் சாப்பிடாதவன் நான். எனக்கே அது உறைக்கவில்லை, பாருங்கள்.

உறைத்தது லோமர் துரைக்குத்தான். கேமரா ஓடத் தொடங்கியது. கலெக்டர் நடந்து வந்தார். மேடைக்கு நாலடி இருக்கும்போது நின்றுவிட்டார். கூட்டமாக நின்ற ஊர்ப் பெண்களைப் பார்த்தார். அவர்கள் கேமராவைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையும் பார்க்கவில்லை. அத்தனை பேரும் அவருடைய பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊர்க் கவுண்டர் அனுமதி கொடுத்துவிட்டார் என்பதால் வாயைத் திறக்காமல் நின்றார்கள்.

அவர் என் பக்கம் திரும்பி இங்கிலீஷில் படபடவென்று சொன்னார். இவர்கள் இதைக் கும்பிட்டுவிட்டார்கள், இனி இதன்மேல் கால் வைக்க என்னால் முடியாது, டைரக்டரிடம் சொல் என்றார். டைரக்டர் நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர், இங்கிலீஷ் வராது. "என்னய்யா சொல்றான்?" என்று என்னைக் கேட்டார். கோபம் வந்தால் அவர் யாரையும் பார்க்கமாட்டார். எனக்கோ கல்யாணத்துக்கு மூன்று பெண்கள், வேலை போனால் கதியில்லை. "கால் சுளுக்கிண்டுடுத்தாம் சார்" என்றேன்.

லோமர் துரை என்னைப் பார்த்தார். பிறகு டைரக்டரைப் பார்த்து, என் தாள்களில் படித்த அந்தத் தமிழிலேயே நிதானமாகச் சொன்னார்: "ஐயா, என் கால் நலமாக இருக்கிறது. நான் முடியாது என்று சொன்னேன்."

டைரக்டர் நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தார். "பிளாஸ்டர்யா அது! நேத்து வரைக்கும் லாரியில குப்புறக் கெடந்துச்சு!"

"நேற்று பிளாஸ்டர். இன்று அல்ல."

"அப்படியா? சரி, நீ பஸ் ஏறு. லெட்டர் கிட்டர்னு எங்கிட்ட வந்து நிக்காதே. எந்த ஊர்ல ஒனக்கு லெட்டர் குடுக்கறாங்களோ அங்க போ!"

லோமர் துரை பிரம்பைக் கீழே வைத்தார். வேப்பமரத்துக்கு எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். ஜோடியாக வைத்து உடைக்காரரிடம் கொடுத்தார். மீசையைப் பிய்த்து ராஜப்பா கையில் கொடுத்தார். அவர் விரல்கள் நடுங்கியதை நான் பார்த்தேன்.

கூட்டத்திலிருந்து மாதம்மா என்கிற பெண்பிள்ளை என்னிடம் வந்தாள். நாற்பது வயதிருக்கும், காட்டு வேலை செய்து காய்ந்த கை. "ஏனுங் சாமி, அந்தத் தொரை எதுக்குங்க உக்கோந்துட்டாரு?" என்றாள். இந்த முறை நான் உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"அது நீங்க லாரியில கொண்டாந்ததுன்னு எங்களுக்குத் தெரியுமுங்க. ஆனா மரத்தடியில நட்டு வெச்சுப்போட்டு நீங்கபாட்டுக்குப் போயிட்டீங்க. ஆத்தாளை வெளக்கில்லாம எப்படீங்க உடறது? அதான் மஞ்சத்தண்ணி ஊத்திக் கும்புட்டுப்போட்டோம்" என்றாள். பிறகு நேரே டைரக்டரிடம் போனாள். "ஏனுங், ஒரு நாளு பொறுங்க. கூழு ஊத்தி ஆத்தாளை மலையேத்தி உட்டுடறோம். நாளைக்கு வெடியால வந்து அந்தத் தொரையே ஒதைக்கட்டும். இல்லாட்டி எங்கள்ள ஒருத்தியும் இங்க நிக்கமாட்டோமுங்க."

பெண்கள் இல்லாமல் அந்தக் காட்சி இல்லை. டைரக்டர் அரை மணி நேரம் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "நாளைக்கு" என்றார்.

மறுநாள் விடிந்ததும் கூழ் ஊற்றினார்கள். அம்மனை ஒரு குடத்து நீரில் அழைத்து, உடுக்கையோடு ஊர்க் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். லோமர் துரை வெறுங்காலோடு ஊர்வலத்தின் கடைசியில் நடந்தார். திரும்பி வந்து மாதம்மா சிலையைக் கழுவிவிட்டாள். "ஆத்தா மலையேறிட்டா. இனி இது வெறும் சுண்ணாம்புதானுங்க. நல்லா ஒதைங்க தொரை" என்றாள். அவர் அவளிடம் பெயர் கேட்டுக் கும்பிட்டுவிட்டு, பூட்ஸை மாட்டிக்கொண்டார்.

அந்த உதையைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். பானை மரத்துக்கு அப்பால் போய் விழுந்தது. அவர் கர்ஜித்த தமிழில் ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை. சுண்ணாம்பு என்று தெரிந்த அதே பெண்கள் வயிற்றில் அடித்துக்கொண்டு அலறியதில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரே டேக்கில் ஓகே. டைரக்டர் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டார். கடிதத்தை அந்த வாரமே தம் கையாலேயே எழுதிக் கொடுத்தார். படம் மைசூரில் வெளியான அன்று திரையை நோக்கிச் செருப்பு பறந்தது. நடு வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு, அது என் பக்கத்தில் இருந்த லோமர் துரைக்கு விழுகிற பூமாலையாகவே பட்டது.

கௌதள்ளியிலிருந்து லாரியில் திரும்பும்போது அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீ பயந்தாய். நானும் பயந்தேன். எனக்கு முன்பே ஒரு முறை பழக்கம் உண்டு, அவ்வளவுதான்" என்றார். அப்போதுதான் பெர்லின் கதையைச் சொன்னார். ஒரு யூதக் கடைக்காரரைத் தாடியைப் பிடித்துத் தெருவில் இழுத்துப்போக வேண்டும், ஜனங்கள் சிரிக்க வேண்டும் என்று காட்சி. இவர் போய்ப் பெயர் கேட்டிருக்கிறார். கடைக்காரராக நடிக்க வந்தவர் உண்மையிலேயே கடைக்காரர். மிரட்டிக் கூட்டி வரப்பட்டவர். இவர் முடியாது என்றார். அதற்குப் பிறகு அந்த ஊரில் அவரை யாரும் நடிக்கக் கூப்பிடவில்லை. அந்த மனிதரின் பெயரையும் என்னிடம் சொன்னார். அவர் கதி என்னவாயிற்றோ என்று அந்த முள்வேலிக்குள் தினமும் நினைத்ததாகச் சொன்னார்.

இப்படிப்பட்ட ஒருவர் நம் ஊரில் இருந்தார், நம் பாஷையைப் பேசினார், நம் மண்ணில் படுத்திருக்கிறார். பெருமையாக இருக்கிறது. எனக்குப் பெருமைதான், வேறென்ன சொல்ல.

போன வருஷம் ஒரு தயாரிப்பாளர் என்னை நகைச்சுவைக் காட்சி எழுதச் சொன்னார். தெருக் கூட்டுகிற ஒருத்தியின் நடையையும் பேச்சையும் காட்டி ஜனங்களைச் சிரிக்க வைக்க வேண்டுமாம். முடியாது என்றேன். அந்தப் படம் என் கையை விட்டுப் போயிற்று. நேரே லோமர் துரையின் அறைக்குப் போனேன். அப்போதே அவர் படுக்கையில்தான் இருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று விசாரித்தார்.

"சொல்லும்போது உன் குரல் நடுங்கியதா?"

"குரல் மட்டுமா? காலும் நடுங்கித்து" என்றேன், வெட்கத்தோடு.

"நல்லது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "நடுங்காமல் சொன்னால் அது வசனம்."

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த நடுக்கத்தைத்தான். இனி அதற்காக வெட்கப்படமாட்டேன்.