தமுக்குக் கேட்டால் கதவைச் சாத்தும் ஊர்

விடிகாலை ஐந்தரைக்கு ரயில்வே கேட் காவலர் நாகையா வந்து சொன்னார். மழை அப்போதும் விடவில்லை.

"அய்யாவு அண்ணன் ஒடம்பு கெடைச்சிருச்சு. பாலத்துக்குக் கீழ. தமுக்கு தோள்லயே இருந்துச்சு."

கிள்ளான் போகும் ரயில் பாதையோரம் இருக்கிறது எங்கள் ஊர் பாயா லாலாங். ரப்பர்த் தோட்டம் வந்தது, ரயில் நின்றது, கடைகள் முளைத்தன. 1921இல் ஊருக்கென்று ஒரு சானிட்டரி போர்டு, அதாவது சுகாதார வாரியம், அமைந்தது. தெருவிளக்குக்கும் கிணற்றுக்கும் முன்னால் அது போட்ட முதல் உத்தரவு, தண்ணீர்ப் பானைகளைப் பற்றியது. கொசுப்புழு இருந்தால் அபராதம். திறந்து கிடக்கும் பானையை இன்ஸ்பெக்டர் தடியால் உடைப்பார். இதைத் தமிழில் கூவிச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. அய்யாவு அண்ணனுக்கு நல்ல குரல்.

அவர் தமுக்கடித்து முன்னே போவார். இன்ஸ்பெக்டர் பின்னே வருவார். அதனால் சத்தம் கேட்டதும் ஆற்றோரத்தில் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் கதவுகள் சாத்திக்கொள்ளும். பானைகள் கட்டிலுக்கு அடியில் போகும்.

"எமன் வாகனம் வருது லா!" என்று வள்ளியம்மா உள்ளிருந்தே கத்துவார்.

"அந்த எருமைக்கு ஒரு வாய் காப்பி குடுக்கக் கூடாதா, தங்கச்சி?" என்பார் அண்ணன்.

மாலையில் அதே வீடுகளுக்கு, மண்ணெண்ணெய்ப் பெட்டிப் பலகையில் பானை மூடி செய்து கொடுப்பார். மூடியிருந்தால் அபராதம் இல்லை. ஆனாலும் கதவு சாத்தும் பழக்கம் போகவில்லை.

இந்த டிசம்பரில் மழை நிற்கவே இல்லை. நேற்று மாலை ஆறு கரையைத் தொட்டது. போர்டு ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. யாரும் சொல்லாமலே அண்ணன் தமுக்கை எடுத்துக்கொண்டு லயத்துக்கு ஓடினார். மேட்டுக்குப் போகச் சொல்லிக் கூவினார். தகரக் கூரையில் விழுந்த மழையில் தமுக்குதான் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. கதவுகள் சாத்திக்கொண்டன.

தமுக்கைத் தோளில் தள்ளிவிட்டுக் கையால் தட்ட ஆரம்பித்தார்.

"பானை பாக்க வரலம்மா! ஆறு வருது!"

"இன்ஸ்பெக்டரை எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?" என்றாராம் வள்ளியம்மா. தாழ்ப்பாளை நீக்கியபோது தண்ணீர் அவர் கணுக்காலை நனைத்தது.

ஒவ்வொரு கதவாகத் திறந்தது. எல்லாரும் மேடேறினார்கள். கடைசி வீடு மட்டும் திறக்கவில்லை. அது புஷ்பவல்லியின் வீடு. தமுக்குக் கேட்டால் மூச்சு விடாமல் உள்ளேயே இருப்பவர் அவர். நேற்றுக் காலையே பிரிக்பீல்ட்ஸில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அண்ணனுக்குத் தெரியாது. இடுப்பளவு தண்ணீரில் நின்று அவர் அந்தக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்ததை, மேட்டிலிருந்து வள்ளியம்மா பார்த்திருக்கிறார். கூப்பிட்டும் வரவில்லை. பிறகு இருட்டிவிட்டது.

போர்டு ஆபீஸுக்குப் பின்னால், மேட்டில் இருக்கும் அண்ணனின் அறைக்குள் தண்ணீர் வரவில்லை. புஷ்பவல்லியின் பெரிய பானைக்கு அளவெடுத்த மூடி அங்கே கிடக்கிறது. பலகையை வட்டமாக அறுத்திருக்கிறார். கைப்பிடி இன்னும் அடிக்கவில்லை.