நின்ற மெஷினில் ஓடிய எண்

எங்கள் நிட்டிங் ஷெட்டில் ஏழாம் நம்பர் மெஷினுக்குச் சுற்று எண்ணும் எலக்ட்ரானிக் போர்டை நான்தான் செய்தேன். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்திருந்தாலும் பெண்ணுக்குத் துணி செக்கிங்தான் சரி என்றவர்கள் முன்னால் வீம்புக்குச் செய்தது. மெஷினின் சுழலும் பாகத்தில் ஒரு காந்தம் உண்டு. சுற்றுக்கு ஒரு முறை அது சென்சாரைக் கடக்கும், எண் ஒன்று கூடும். குறித்த எண் வந்ததும் மெஷின் நிற்கும், ஆபரேட்டர் துணி ரோலை அறுத்து எடுப்பார்.

போர்டு மாட்டிய பிறகு சில ரோல்கள் எடை குறைந்து வந்தன. ஆபரேட்டர் ஒடிசாக்காரர். சீக்கிரம் ரோல் இறக்க அவர்தான் போர்டில் கை வைக்கிறார் என்று முதலாளி எல்லார் முன்னாலும் திட்டி, நாளையிலிருந்து வரவேண்டாம் என்றுவிட்டார். “மெஷின் நிக்குது, நம்பர் ஓடுது” என்று ஆபரேட்டர் தெரிந்த தமிழில் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் சிரித்தேன். அவ்வளவு திமிர்.

சிரித்தது உறுத்தியது. அன்றைக்கே சாப்பாட்டு நேரத்தில் மெஷினைக் கையால் சுற்றி, காந்தம் சென்சாருக்கு நேராக நிற்கும்படி விட்டேன். எண் ஏறிக்கொண்டே போனது. நூல் அறுந்து மெஷின் அந்த இடத்தில் நின்றால் போதும், அவர் முடிச்சுப் போடுவதற்குள் சுற்றாத சுற்றுகளை என் போர்டு எண்ணிவிடும்.

சிக்னல் இருந்தால் ஒன்று கூட்டு, ஒரு விநாடி பொறு, மறுபடி பார் என்று செய்திருந்தேன். வந்த விருந்தாளியை உட்கார்ந்திருக்கும் வரை எண்ணிக்கொண்டிருப்பது மாதிரி. வாசலைத் தாண்டும்போது ஒரு தடவை எண்ணினால் போதாதா? அதற்குத்தானே எட்ஜ் டிரிக்கர் ஃபிளிப் ஃபிளாப் என்ற சர்க்யூட் இருக்கிறது! சிக்னல் பூஜ்ஜியத்திலிருந்து ஒன்றுக்கு ஏறும் கணத்தில் மட்டும் அது அசையும். பிறகு ஒன்றிலேயே எவ்வளவு நேரம் கிடந்தாலும் கண்டுகொள்ளாது. இறங்கி மறுபடி ஏறினால்தான் அடுத்த எண். பரீட்சையில் இதைப் படம் போட்டு மார்க் வாங்கியவள் நான்.

முதலாளியைக் கூட்டிவந்து காட்டினேன்.

“தப்பு என்ர போர்டுலதானுங்க. அவரு மேல இல்லீங்க.”

“சரி கண்ணு, அவன் இருக்கட்டும். நீ சத்தமில்லாம மாத்தீரு. வெளிய தெரிஞ்சா உனக்குத்தான் கேவலம்.”

“கேவலமானாப் பரவால்லீங்க. எல்லாரு முன்னாலயும் திட்டுனீங்க, எல்லாரு முன்னாலயும் சொல்லுங்க. இல்லீன்னா நானும் நாளைக்கு வரமாட்டனுங்க.”

அவர் முகம் சிவந்தது. ஆனாலும் ஆட்களைக் கூப்பிட்டார். தரையைப் பார்த்துக்கொண்டே, “அவன் மேல தப்பில்ல” என்று முனகினார்.

“அவரப் பாத்துச் சொல்லுங்க” என்றேன்.

பார்த்தார். சொன்னார்.

அடுத்தது என் முறை. ஆபரேட்டர் எதிரே போய் நின்றேன். சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்க, முதலாளியைவிட எனக்குத்தான் அதிக நேரம் ஆனது.