பிரித்துவிட்ட இடுப்பு

எங்கள் தெரு டெய்லர் மாஸ்டருக்கு ஊரார் இடுப்பளவெல்லாம் மனப்பாடம். தன்னுடையது மட்டும் வாயில் வராது. தொப்புளுக்கு மேலே குடலிறக்கம் எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைத்த பிறகுதான் டாக்டரிடம் போனார்.

"பதினஞ்சு கிலோ குறைச்சுட்டு வாங்க, மாஸ்டர். ஆபரேஷன் பண்ணி, உள்ள வலை வச்சுத் தச்சிடலாம். இந்த எடையில தச்சா பிரிஞ்சிடும்."

அன்றிலிருந்து மனைவி அரை வயிற்றுக்குத்தான் சோறு போட்டார். மீதி அரையை எதிர்க்கடை பேக்கரி பார்த்துக்கொண்டது. மனிதர் அதோடு விட்டாரா? வாராவாரம் தன் பேண்டின் இடுப்பைப் பிரித்து, உள்ளே மடித்திருந்த துணியில் கொஞ்சம் வெளியே விட்டுத் தைத்துக்கொண்டார்.

"பாரு, எப்படித் தொளதொளங்குது!"

மனைவிக்கு வாயெல்லாம் பல்.

மூன்றாம் மாதம் டாக்டர் முன்னால் அந்த அம்மா பேண்டைப் பெருமையாக இழுத்துக் காட்டினார். எடை மெஷினோ நாலு கிலோ கூட என்றது. டாக்டர் குனிந்து பார்த்தார். அவரும் தைக்கிறவர்தானே, பழைய தையலின் ஊசித்துளைகள் வரிசையாகக் கண்ணில் பட்டன.

"பேண்டுக்கு உள்ள துணி விட்டு வச்சிருந்தீங்க, பிரிச்சீங்க. வயித்துக்கு எங்க விட்டு வச்சிருக்கீங்க, மாஸ்டர்?"