மாஜி கணவர் சங்கியம்

வலது கால் வாசற்படிக்கு வெளியே போயிருந்தது. அப்போது பார்த்துப் பல்லி கத்திவிட்டது. சங்கியம் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். தலைக்கவசத்தைக் கழற்றினார். பழுதுபார்க்க வந்த மின்விசிறிகளுக்கு நடுவே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு குவளைத் தண்ணீரை நிதானமாகக் குடித்தார். பிறகு அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கிளம்புகிறவர்போல எழுந்து, தலைக்கவசத்தை மாட்டி, அதே காலை அதே இடத்தில் வைத்தார்.

“இப்பச் சரிதானே?” என்றார். சுவரைப் பார்த்துத்தான்.

தாய்லாந்தில், போதாராம் ஊர்ச் சந்தைக்குப் பின்னால், ஆற்றைப் பார்த்த கடை வரிசையில் அவருடையது கடைசி. மின்விசிறி, சோற்றுக் குக்கர், தண்ணீர் மோட்டார். கம்பியில் மின்சாரம் இருக்கிறதா என்று டெஸ்டர் வைத்துப் பார்ப்பார். டெஸ்டரை நம்பாமல் மெயினையும் அணைப்பார். மெயினை நம்பாமல் கம்பியைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். பல்லிக்கு மட்டும் இந்தச் சோதனை எதுவும் கிடையாது. அது சொன்னால் சொன்னதுதான்.

புதன்கிழமை முடி வெட்டிக்கொள்ள மாட்டார்; அன்றைக்கு ஊரில் முடிதிருத்தும் கடைகளே திறக்காது. மேற்கே தலைவைத்துப் படுக்க மாட்டார். கனவில் பாம்பு வந்து சுற்றிக்கொண்டால் புதுத் துணை தேடிவரும் என்பது ஊர் நம்பிக்கை. அப்படி ஒரு கனவு கண்ட காலையில் எழுந்ததும் மனைவி லமாயிடம் மன்னிப்புக் கேட்டார். அவள் ஏனென்று கேட்டாள். சொன்னார். அன்றைக்கு முழுவதும் சோறு கிடைக்கவில்லை.

இப்படிப்பட்டவரிடம் சந்தை ஜோசியர், “உன் பொண்டாட்டி நட்சத்திரம் உன் ஆயுசைத் தின்னுக்கிட்டிருக்கு. சட்டப்படி பிரிஞ்சிடு. கிரகம் தாண்டினதும் மறுபடி பதிஞ்சுக்கலாம்” என்று சொன்னால் என்ன ஆகும்? அடுத்த நல்ல நாளிலேயே ஆனது. தோஷம் கழிக்க விவாகரத்து வாங்கி, அதே பாயில் படுத்துத் தூங்குகிறவர்கள் அந்தத் தெருவிலேயே இரண்டு மூன்று வீட்டில் இருந்தார்கள். யாரும் மூக்கில் விரல் வைக்கவில்லை.

மாவட்ட அலுவலகத்தில் இரண்டு சாட்சி வேண்டும். லமாயின் அக்கா ஜருவாய் ஒருத்தி. அலுவலக வாசலில் ஐஸ் காபி விற்கிறவர் இன்னொருவர். அதிகாரி இளவயசுக்காரர்.

“என்ன பிரச்சினை ரெண்டு பேருக்கும்?”

“ஒண்ணுமில்ல சார். ரொம்ப நாள் சேந்து வாழணும்.”

“மனசு விட்டுப் பேசிப் பாக்கலாமே?”

“பேசிக்கிட்டுதான் சார் இருக்கா. காலையிலேருந்து நிறுத்தவே இல்ல.”

“சொத்தை எப்படிப் பிரிச்சுக்கறீங்க?”

லமாய் யோசிக்கவே இல்லை. “விசிறி எல்லாம் அவருக்கு. காத்து எனக்கு.”

காபிக்காரரையும் சேர்த்து நான்கு பேரும் வாத்துக்கறிச் சோறு சாப்பிட்டார்கள். முன்னாள் கணவரும் முன்னாள் மனைவியும் ஒரே ஸ்கூட்டரில் வீடு திரும்பினார்கள்.

வீட்டில் மாறியது ஒன்றே ஒன்றுதான். லமாய் அவரை “மாஜி” என்று கூப்பிட ஆரம்பித்தாள். “மாஜி, சோறு ஆச்சு.” “மாஜி, கொஞ்சம் முதுகைச் சொறி.” சண்டை வந்தால், “நீ யாரு என்னைக் கேக்க? போய்ச் சட்டத்தைக் கேளு.” சந்தையில் தெரிந்தவர்களைப் பார்த்தால், “இது என் பழைய புருஷன். பை தூக்க மட்டும் வெச்சிருக்கேன்” என்பாள். இரண்டு கையிலும் பை இருப்பதால் கும்பிட முடியாமல் சங்கியம் தலையை மட்டும் ஆட்டுவார்.

மகள் தாரின் பாங்காக்கில் லிஃப்ட் பராமரிப்புப் பொறியாளர். அவளும் விவாகரத்தானவள்தான். அவளுடையது நிஜமானது. டோக்கன் வாங்கி, கூப்பிட்டதும் போய், எல்லாம் முடித்து வெளியே வந்தபோது கையோடு கொண்டுபோன காபி ஆறவில்லை. அதற்குப் பிறகு அந்தப் புருஷனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. பெற்றோரைப் பற்றி அலுவலகத்தில் யாராவது கேட்டால், “அவங்க விவாகரத்து நல்லாப் போய்க்கிட்டிருக்கு” என்பாள்.

கிரகம் தாண்டியது. பதிந்துகொள்ளலாமா என்று சங்கியம் கேட்டார்.

“முதல் தடவை உங்கம்மா வந்து கேட்டாங்க,” என்றாள் லமாய். “இந்தத் தடவை நீயாக் கேளு. ஒழுங்காக் கேளு.”

கேட்டார். புதுச் சட்டை போட்டுக்கொண்டு கேட்டார். கோயில் திருவிழாவில், ராட்டினம் உச்சியில் நின்றபோது, அவள் எழுந்து போக வழியில்லாத இடத்தில் வைத்துக் கேட்டார். “இறங்கினதும் சொல்றேன்” என்றாள். இறங்கியதும் சுட்ட கணவாய் வாங்கித் தரச் சொன்னாள். மகளிடம் தொலைபேசியில் சொல்லிச் சிரித்தாள். “புருஷனா இருந்த காலத்துல ஒரு பூ வாங்கித் தந்ததில்ல. மாஜி ஆனப்புறம் வாரா வாரம் மல்லிகை வருது. நான் எதுக்குடி அவசரப்படணும்?”

போன வருஷம் மழை பிடித்துக்கொண்டிருந்த நாளில், மீன் செதில் சீவிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள். “சரி, வா. நாளைக்கே போய்ப் பதிஞ்சிடலாம்.”

சங்கியம் சீவிய மீனைக் கையில் பிடித்தபடி நாள்காட்டியிடம் ஓடினார். பிக்குகள் கோயிலை விட்டு நகராமல் இருக்கும் மழைக்கால விரதம் தொடங்கியிருந்தது. அது முடிகிறவரை ஊரில் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள்.

“விரதம் முடியட்டும் லமாய். இவ்வளவு நாள் பொறுத்தாச்சு. அப்புறமாப் பண்ணிக்கலாம்.”

“உன் இஷ்டம், மாஜி.”

விரதம் முடிவதற்குள் லமாய்க்கு மூளையில் ரத்தக் குழாய் வெடித்தது. மருத்துவமனைக் கதவருகே செவிலி கேட்டாள், “நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?” சங்கியம் வாய் திறப்பதற்குள் ஜருவாய் சொன்னாள், “முன்னாள்.” செவிலி கையெழுத்துப் படிவத்தையும் பேனாவையும் ஜருவாயிடம் நீட்டினாள். தாரின் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

ஜோசியர் சொன்னது பலித்தது. சங்கியம் பிழைத்துக்கொண்டார்.

எரித்த பிறகு எலும்பைக் கோயில் மதில் சுவர் மாடத்தில் வைத்து மூடி, மேலே பீங்கான் ஓட்டில் பதித்த படத்தை ஒட்டுவார்கள். லமாயின் அப்பா வாங்கிப்போட்ட மாடம் அகலமானது. இரண்டு பேர் தாராளமாக இருக்கலாம். தன் காலம் முடிந்ததும் அந்த இன்னொரு இடம் தனக்கு வேண்டும். சங்கியம் கேட்டது இது ஒன்றுதான். கேட்க வேண்டிய ஆள் ஜருவாய். அவள் சந்தையில் உப்பு முள்ளங்கி விற்பவள். அவர் போய் நின்றபோது பானைக்குள் முழங்கை வரை கையை விட்டிருந்தாள்.

“அது எங்கப்பா மாடம். மாஜி மாப்பிள்ளைக்கெல்லாம் அங்க இடமில்ல,” என்றாள். “உன்னை விட்டா, பஸ் கண்டக்டரோட ஓடிப்போனானே என் மாஜி, அவனும் தன் சாம்பலைத் தூக்கிக்கிட்டு வந்து நிப்பான்.”

“நான் ஓடலியேக்கா.”

“நாளைக்கே ஒருத்தியைக் கட்டிக்கிட்டேன்னா? சட்டம் தடுக்காது. சாட்சிக் கையெழுத்துப் போட்டவளுக்கு அது தெரியாதா?”

“கனவுல பாம்பு வந்தாலே எழுந்து விளக்கைப் போடறவன்க்கா நான்.”

முள்ளங்கி வாங்க வந்த பெண்கள் சிரித்தார்கள். ஜருவாய்க்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. பானையிலிருந்து கையை எடுத்து, உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட அவரை நோக்கி நீட்டினாள்.

“அவ்வளவு ஆசையா இருந்தா, நூறாம் நாள் காரியத்தன்னிக்கு உன் படத்தையும் அவ பக்கத்துல ஒட்டிடு. உன் கையாலயே ஒட்டு. உசிரோட இருக்கும்போதே ஒட்டு. அதுக்கப்புறம் உன்னை யார் தடுக்கப்போறா?”

பெண்களின் சிரிப்பு நின்றுவிட்டது. உயிருள்ளவன் முகத்தை எலும்புச் சுவரில் ஒட்டுவது சாவுக்கு வீட்டு விலாசம் கொடுப்பதுபோல. பல்லிக்கே திரும்பி உட்காருகிற மனிதர் இதைச் செய்யப்போகிறாரா? ஜருவாய் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்தவளுக்கு முள்ளங்கி நிறுத்தாள். சங்கியம் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே போனார். கிளப்பக்கூடத் தோன்றவில்லை.

அடுத்த புதன்கிழமை தாரின் லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்து கம்பிவடத்துக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தபோது அழைப்பு வந்தது.

“தாரின், புதன்கிழமையில முடி வெட்டற கடை எங்க இருக்கும்?”

“யாருங்க பேசறது?”

“அப்பாதாம்மா. படம் எடுக்கணும். இன்னிக்கே குடுத்தாத்தான் நூறாம் நாளுக்குள்ள ஓட்டுல சுட்டுத் தருவானாம்.”

அவள் எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தாள். பிறகு பெரிய கடைவளாகம் ஒன்றின் பெயரைச் சொன்னாள். அங்கே நாள் கிழமை பார்க்காமல் வெட்டினார்கள். அளவுக்கு மீறி வெட்டிவிட்டார்கள். ஓட்டுப் படத்தில் சங்கியம் தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் கல்லூரி மாணவன்போல இருந்தார்.

நூறாம் நாள். பிக்குகள் ஓதி, உண்டு எழுந்தார்கள். எல்லோரும் மதில் சுவருக்கு வந்தார்கள். கொத்தனார் சிமெண்டைக் குழைத்து, லமாயின் படத்துக்குப் பக்கத்தில் ஒரு கரண்டி அப்பினார். சங்கியம் சட்டைக்குள்ளிருந்து தன் படத்தை எடுத்தார். அதைச் சுவருக்குக் கொண்டுபோனார்.

கூரை ஓரத்துக் குழல்விளக்குக்குப் பின்னாலிருந்து பல்லி கத்தியது. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, நிறுத்தி நிறுத்திக் கத்தியது.

யாரும் அசையவில்லை. கொத்தனார்கூடக் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். தாரின் ஓடிப்போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வந்தாள். இன்னொரு கையில் தண்ணீர்க் குவளை.

“டேய் சங்கியம்! கேக்கலையா உனக்கு?” ஜருவாயின் குரல் உடைந்திருந்தது. “உக்காரு. தண்ணியைக் குடி. நான் ஏதோ வாய்க்கொழுப்புல சொன்னேன்டா. மாடம் உனக்குத்தான், எழுதித் தரேன். படத்தை அப்புறமா ஒட்டிக்கலாம்.”

சங்கியம் நாற்காலியைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார்.

“அப்புறமான்னு ஒரு தடவை சொல்லிட்டேன்க்கா.”

திரும்பி, படத்தைச் சிமெண்டில் வைத்தார். சட்டைப் பையிலிருந்த டெஸ்டரை எடுத்து, முதலில் லமாயின் ஓரத்தில் பிதுங்கியிருந்ததையும் பிறகு தன் ஓரத்தில் பிதுங்கியதையும் வழித்துவிட்டார். பிறகு தன் முகத்தின்மேல் கட்டைவிரலை அழுத்தி, சிமெண்ட் பிடிக்கிறவரை எடுக்காமல் நின்றார்.